டி செல்கள் எங்கே வளர்கின்றன, எப்படி ஊர் சுற்றுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்திவருகிறேன். நோய்த்தடுப்பு மண்டலம் பற்றிய பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் எழும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மாரும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தோட்டத்துப் பெண்களும் பேருந்து நிறுத்தத்தில் கேட்பதும் அவற்றையேதான். ‘எதிர்ப்புச் சக்தி’ என்பது தொட்டித் தண்ணீர்போல உடலில் கூடிக் குறையும் ஒரு பொருள் என்ற எண்ணமே பெரும்பாலான ஐயங்களுக்கு அடியில் இருக்கிறது. உடலில் நடப்பதோ, சரியான செல் சரியான இடத்தில் தனக்குரிய கிருமியைச் சந்திப்பதற்கான ஓயாத தேடல். அந்தத் தேடலைப் புரிந்துகொண்டால் பல ஐயங்கள் தாமே தீர்ந்துவிடும் என்பதால், கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், டி செல்னா என்ன? அந்த ‘டி’ எதுக்கு?

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அவற்றுள் தைமஸ் என்னும் உறுப்பில் வளர்ந்து முதிர்பவை டி செல்கள்; ஆங்கிலத்தில் அந்த உறுப்புப் பெயரின் முதல் எழுத்தே ‘டி’. இவற்றின் உடன்பிறப்புகளான பி செல்கள் ஆன்டிபாடி என்னும் புரதத்தைச் சுரந்து இரத்தத்தில் கலக்கவிடும். டி செல்கள் அப்படி எதையும் தூர இருந்து எய்வதில்லை. மற்றொரு செல்லை நேரில் தொட்டுப் பார்த்தே வேலை செய்கின்றன.

அவற்றில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. சிடி8 என்ற புரதத்தைத் தாங்கியவை, வைரஸ் புகுந்த செல்களையும் புற்றாக மாறிய செல்களையும் கொல்பவை. சிடி4 என்ற புரதத்தைத் தாங்கியவை, பி செல்களுக்கும் பிற பாதுகாப்புச் செல்களுக்கும் துணைநின்று அவற்றை முடுக்கிவிடுபவை. இந்த இரண்டு பெயர்களும் கீழே பல இடங்களில் வரும்.

தைமஸும் தைராய்டும் ஒண்ணுதானா?

ஒன்றல்ல. தைராய்டு கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. தைமஸ் அதற்குக் கீழே, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இரண்டு மடல்களாகப் படிந்திருக்கிறது. தைராய்டு ஹார்மோன் சுரப்பது. தைமஸின் முதன்மையான வேலை டி செல்களை வளர்த்தெடுப்பது.

இந்த வேலை நெடுங்காலம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. தைமஸில் லிம்போசைட்டுகள் பெருவாரியாக மடிந்துகிடந்ததால், அதை அவற்றின் இடுகாடு என்றே பலர் கருதினார்கள். 1961இல் ஜாக் மில்லர், பிறந்த உடனேயே தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகளில் லிம்போசைட்டுகள் குறைந்துபோவதையும், அந்த எலிகள் எளிதில் நோய்ப்பட்டு இறப்பதையும், வேறோர் எலியின் தோலை ஒட்டினால்கூட அதை மறுத்துத் தள்ள முடியாமல் இருப்பதையும் காட்டிய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது.

அறியாமைக்குக் கொடுத்த விலையையும் இங்கே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குத் தைமஸ் இயல்பாகவே பெரியதாக இருக்கும். மார்பு எக்ஸ்ரேயில் இதயத்தின் மேல்பகுதியில் ஒரு நிழலாகத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாடுகளில் இதை ஒரு வீக்க நோய் என்று எண்ணிப் பல குழந்தைகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்துச் சுருங்கவைத்தார்கள். பின்னாளில் அவர்களிடையே தைராய்டு புற்றுநோய் கூடுதலாகத் தோன்றியது. ஆகவே கைக்குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்து, “நெஞ்சில் ஏதோ நிழல் இருக்கிறதே” என்று பதறும் தாய்மாருக்கு நான் சொல்வது: முதலில் மருத்துவரிடம், அது தைமஸ்தானா என்று கேளுங்கள்.

எலும்பு மஜ்ஜையில் பிறக்குற செல், அங்கேயே வளர்ந்தா என்ன? எதுக்குத் தைமஸுக்குப் போகணும்?

மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வந்து சேரும் முன்னோடிச் செல், இன்னும் டி செல் ஆகவில்லை. தைமஸின் சூழலில் உள்ள செல்கள் கொடுக்கும் குறிப்புகளைப் பெற்ற பின்னரே அது டி செல்லாகும் வழியில் திரும்புகிறது. அதன் பிறகு தன் மேற்பரப்பில் வைக்கவேண்டிய ஏற்பியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. கிருமியை அடையாளம் காணும் கருவி இந்த ஏற்பிதான்.

இந்த ஏற்பியைக் கட்டும் முறையே மிகவும் வியப்பானது. அதற்கான மரபணு முழுதாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு செல்லும் அந்தத் துண்டுகளில் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, வெட்டி ஒட்டி, இணைப்பில் சில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் தனக்கென ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. பி செல்களின் ஆன்டிபாடி மரபணுக்களில் இப்படி நடப்பதை வெளிப்படுத்தியதற்காகச் சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. டி செல் ஏற்பியும் அதே முறையில்தான் உருவாகிறது. இதனால், உலகில் இன்னும் தோன்றாத கிருமிக்குக்கூடப் பொருந்தக்கூடிய ஏற்பி நம் உடலில் முன்கூட்டியே இருக்கலாம். ஆனால் குருட்டாம்போக்கில் செய்தது பயன்படாமலும் போகலாம், ஆபத்தாகவும் முடியலாம். அதைப் பிரித்துப் பார்க்கும் இடமே தைமஸ்.

நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு செல் தைமஸ்லயே செத்துப்போகுதாம். இவ்வளவு வீணா?

எண்ணிக்கை சரிதான், தைமஸில் வளரும் செல்களில் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை வெளியே வருவதில்லை. அது வீண் என்ற முடிவை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே இருக்கும் புரதங்களின் சிறு துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஒரு தட்டில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. மனிதரில் இந்தத் தட்டுகளுக்கு எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் என்று பெயர். டி செல் கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. தட்டையும் அதன்மேல் இருக்கும் துணுக்கையும் சேர்த்தே பார்க்கிறது. 1974இல் இதைக் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே முதல் தேர்வு, நம் தட்டைத் தொட்டு உணர முடிகிறதா என்பது. முடியாதவை, அதாவது மிகப் பெரும்பான்மையானவை, சில நாள்களில் தாமே மடிகின்றன. சிடி4, சிடி8 என்ற பிரிவும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது.

இரண்டாம் தேர்வு இதற்கு நேர் எதிரானது. நம் சொந்தப் புரதத் துணுக்கை ஏந்திய தட்டையே அளவுக்கு மீறி இறுகப் பற்றிக்கொள்ளும் செல் இங்கே அழிக்கப்படுகிறது. யாரைக் கண்டும் குரைக்காத நாய் காவலுக்கு உதவாது; வீட்டாரையே கடிக்கும் நாயை வைத்துக்கொள்ளவும் முடியாது. இரண்டையும் நீக்கிய பின் எஞ்சும் சிலவே இரத்தத்தில் இறங்க விடை பெறுகின்றன. அழியும் செல்களின் எண்ணிக்கை, நம் உறுப்புகள் நம் செல்களாலேயே தாக்கப்படாமல் இருப்பதற்கு உடல் கொடுக்கும் விலை.

இன்சுலின் கணையத்துலதானே இருக்கு? தைமஸுக்குள்ள இருக்கிற செல், அது நம்ம புரதம்னு எப்படித் தெரிஞ்சுக்கும்?

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. இதே கேள்வி ஆராய்ச்சியாளர்களையும் பல ஆண்டுகள் தடுமாறவைத்தது. தைமஸின் உட்பகுதியில் உள்ள சில செல்கள், ‘எய்ர்’ என்ற மரபணுவின் துணையால், வேறு உறுப்புகளுக்கே உரிய ஆயிரக்கணக்கான புரதங்களைச் சிறிதளவு தாமே தயாரித்துக் காட்டுகின்றன. கணையத்தின் இன்சுலினும் கண்ணின் புரதமும் அங்கே மாதிரிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். 1997இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு பழுதுபட்டுப் பிறப்பவர்களுக்கு, பாராதைராய்டு, அட்ரீனல் போன்ற சுரப்பிகள் தங்கள் டி செல்களாலேயே தாக்கப்படும் அரிய நோய் வருகிறது.

அப்படியும் தப்பிச்சு வெளியே வந்துட்டா?

வரத்தான் செய்கின்றன, ஓரளவு தன்னையே தாக்கக்கூடிய செல்கள் ஆரோக்கியமான எல்லோருடைய இரத்தத்திலும் உண்டு. அவற்றை அடக்கிவைக்கவே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற தனி வகை இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் தைமஸை நீக்கிய சுண்டெலிகளில் தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றுவதிலிருந்து தொடங்கிய தேடலின் முடிவில், 1995இல் ஷிமோன் சகாகுச்சி இந்தச் செல்களை அடையாளம் காட்டினார். அவற்றை ஆளும் ‘ஃபாக்ஸ்பி3’ மரபணுவை 2001இல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தைமஸை விட்டு வந்ததும் எங்கே தங்கும்?

எங்கும் நிலையாகத் தங்குவதில்லை. இந்த நேரத்தில் உடலிலுள்ள லிம்போசைட்டுகளைக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு இரண்டு போலத்தான் இரத்தத்தில் இருக்கும். மற்றவை, நிணநீரை வடிகட்டும் சிறு உறுப்புகளான நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் குடலிலும் தோலிலும் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் காணும் எண்ணிக்கை, பெருங்கூட்டத்தில் அந்தக் கணம் சாலையில் இருப்பவர்களின் எண்ணிக்கை மட்டுமே.

இந்தச் சுற்றைக் கண்டறிந்தவர் ஜேம்ஸ் கோவன்ஸ். உடலெங்கும் கசியும் நீர் நிணநீராகத் திரண்டு, மார்பில் ஓடும் ஒரு பெருங்குழாய் வழியாக இடப்பக்கக் கழுத்தின் அடியில் உள்ள சிரையில் கலக்கிறது. அந்தக் குழாய் ஒவ்வொரு நாளும் இரத்தத்தில் கொண்டுவந்து கொட்டும் லிம்போசைட்டுகள், இரத்தத்தில் மொத்தமாக இருப்பவற்றைவிடப் பல மடங்கு. அப்படியிருந்தும் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை கூடுவதில்லை. கொட்டியவை எங்கே போயின? எலியின் அந்தக் குழாயிலிருந்து நிணநீரைத் தொடர்ந்து வெளியே வடித்தபோது சில நாள்களில் லிம்போசைட்டுகள் வற்றிப்போயின. வடித்த செல்களை மீண்டும் இரத்தத்தில் செலுத்தியபோது வரத்து வற்றவில்லை. போனவையே திரும்பி வருகின்றன, அதாவது இரத்தத்திலிருந்து முடிச்சுக்கும், முடிச்சிலிருந்து நிணநீர் வழியாக இரத்தத்துக்கும் அவை சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்று 1959லும் 1964லும் வெளிவந்த அவருடைய ஆய்வுகள் நிறுவின.

கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா, தொடை இடுக்குல எதுக்கு நெறி கட்டுது? புண்ணு அங்க இல்லையே?

கொழுந்துக் காட்டில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வலி இது. நான் மிகவும் விரும்பி விடை சொல்லும் கேள்வியும் இதுதான். ஏனென்றால் டி செல்லின் பயணம் முழுவதையும் அந்த ஒரு நெறியில் விளக்கிவிடலாம். நெறி என்று நாம் சொல்வது வீங்கிய நிணநீர் முடிச்சு. உடலில் இப்படி ஏறத்தாழ 600 முடிச்சுகள் இருக்கின்றன. காலின் நிணநீர் தொடை இடுக்கு முடிச்சுகள் வழியாகவும், கையின் நிணநீர் அக்குள் முடிச்சுகள் வழியாகவும், தொண்டை, பற்களின் நிணநீர் தாடைக்கும் கழுத்துக்கும் உரிய முடிச்சுகள் வழியாகவும் வடிகட்டப்பட்டு மேலே போகிறது.

ஒரு குறிப்பிட்ட கிருமித் துணுக்குக்குப் பொருந்தும் ஏற்பியைக் கொண்ட டி செல், புதிதாக இருக்கும் நிலையில், இலட்சத்தில் ஒன்று அல்லது பத்து இலட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அந்த ஒன்று, முள் குத்திய பாதத்தின் அந்தப் புள்ளியைத் தற்செயலாகக் கடந்துபோகும் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. எனவே உடல் வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. தோலுக்கடியில் கிளைகளை விரித்தபடி காத்திருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் என்பவை, கிருமியை விழுங்கி, துணுக்குகளாக்கி, முன்னே சொன்ன தட்டில் ஏந்தியபடி நிணநீரில் இறங்கி ஏறத்தாழ ஒரு நாளில் தொடை இடுக்கு முடிச்சை அடைகின்றன. மறுபக்கம் இரத்தத்தில் சுற்றும் டி செல்கள் அதே முடிச்சுக்குள் வந்து, பல மணி நேரம் உலவி, எதிர்ப்படும் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கின்றன. பொருந்தாவிட்டால் அடுத்த முடிச்சுக்குப் போய்விடுகின்றன. சுற்றிலுமுள்ள ஊர்க்காரர்கள் வாரச் சந்தைக்கு வந்து, தேடும் பொருள் கிடைக்காவிட்டால் மறுநாள் இன்னொரு சந்தைக்குப் போவதைப் போன்றது இது.

பொருந்திய செல் அங்கேயே தங்கி, நான்கைந்து நாள்களில் ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. முடிச்சுக்குள் வரும் இரத்தமும் கூடுகிறது. வெளியேறும் வாயில் சில நாள்கள் அடைபடுகிறது. அதனால்தான் முடிச்சு வீங்கி, தொட்டால் வலிக்கிறது. புண் ஆறியதும் நெறி தானாக வற்றிவிடும். வலியே இல்லாமல், கல்போல இறுகி, சில வாரங்களாகியும் வற்றாமலோ வளர்ந்துகொண்டோ இருக்கும் முடிச்சை மட்டும் எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரத்தம் அவ்வளவு வேகமா ஓடுதே, முடிச்சு இருக்கிற இடம் டி செல்லுக்கு எப்படித் தெரியும்?

முடிச்சுக்குள் உள்ள சில நுண்சிரைகளின் உட்சுவர்ச் செல்கள், மற்ற இடங்களைப் போலத் தட்டையாக இல்லாமல் உயர்ந்து தடித்திருக்கும். புதிய டி செல்லின் மேற்பரப்பிலுள்ள எல்-செலக்டின் என்ற புரதம் அந்தச் சுவரிலுள்ள சர்க்கரை அமைப்புகளில் இலேசாகத் தொற்றுவதால், செல்லின் வேகம் குறைந்து சுவரோடு உருளத் தொடங்குகிறது. அப்போது சுவரில் படிந்திருக்கும் கீமோகைன் என்னும் அழைப்புப் பொருளைச் சிசிஆர்7 என்ற ஏற்பி உணர்கிறது. உடனே செல் இறுகப் பற்றி நின்று, சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிறது. இந்த மூன்றும் வரிசையாக நடந்தால்தான் நுழைவு. ஒன்று தவறினாலும் செல் இரத்தத்தோடு போய்விடும்.

வெளியேறுவதற்கு வேறொரு குறிப்பு உண்டு. எஸ்1பி என்ற கொழுப்புப் பொருள் இரத்தத்திலும் நிணநீரிலும் மிகுதியாகவும் முடிச்சுக்குள் குறைவாகவும் இருக்கிறது. செல் அந்த மிகுதியை நோக்கி நகர்ந்து வெளியே போகிறது. கிருமியைக் கண்டுகொண்ட செல், இதற்கான ஏற்பியைச் சில நாள்கள் உள்ளே இழுத்துக்கொள்வதால்தான் முடிச்சிலேயே தங்கிப் பெருகுகிறது. பூஞ்சை ஒன்றிலிருந்து கிடைத்த வேதிப்பொருளை மாற்றியமைத்துச் செய்த ஃபிங்கோலிமோட் என்ற மருந்து, இந்த வாயிலை அடைத்து டி செல்களை முடிச்சுக்குள் நிறுத்திவைக்கிறது. தங்கள் டி செல்களே மூளை நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு இது 2010 முதல் பயன்படுகிறது. செல்லைக் கொல்லாமல் அதன் பயணத்தை நிறுத்துவதே சிகிச்சையாகிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

நாய் கடிச்சதுக்கு அப்புறம்தானே ஊசி போடுறாங்க? தடுப்பூசின்னா முன்னாடியே போடணும் இல்லையா?

வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டு, சிம்ஸ் பூங்கா அருகே 1907 முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிறுவனத்தின் வாசலைத் தினமும் கடந்துபோகும் பிள்ளைகள் இதைக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. வெறிநாய்க்கடி வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும், சிலருக்கு அதைவிட விரைவாகவும் வரலாம். அந்த இடைவெளியே ஊசிக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

ஊசியில் உள்ள செயலிழந்த வைரஸை, நெறி பற்றிய விடையில் சொன்ன அதே வழியில் டென்ட்ரிடிக் செல்கள் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. அதற்குரிய சிடி4 செல் அகப்பட்டு, பெருகி, அதே முடிச்சில் உள்ள பி செல்லுக்குத் துணைநின்ற பிறகே தரமான ஆன்டிபாடி உருவாகிறது. இதற்கு 7 முதல் 14 நாள்கள் பிடிக்கும். இந்தக் காலம் தேடுதலுக்கும் பெருகுதலுக்கும் ஆவது. எந்தக் கஷாயத்தாலும் அதைச் சுருக்க முடியாது. அதனால்தான் இரத்தம் வருமளவு கடித்திருந்தால், ஆயத்தமான ஆன்டிபாடியையே முதல் நாளில் காயத்தைச் சுற்றிச் செலுத்துகிறார்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். தோலுக்குள் போடும் முறையானால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசியை விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடும் பழக்கத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது, ஏனென்றால் இந்த நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்ற வழியில்லை.

கிருமி ஒழிஞ்சதும் அத்தனை செல்லும் என்ன ஆகும்?

பெரும்பாலானவை சில வாரங்களில் மடிகின்றன. எஞ்சுபவை நினைவுச் செல்கள். அவற்றுள் சில பழையபடி முடிச்சுகளைச் சுற்றிவரும். சில திசுக்களைக் கண்காணித்துத் திரியும். மற்றும் சில, நோய் வந்த இடத்திலேயே குடியமர்ந்து இரத்தத்துக்குத் திரும்புவதே இல்லை. மனிதத் தோலில் மட்டும் ஏறத்தாழ 2,000 கோடி டி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது இரத்தத்தில் ஓடுபவற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதே கிருமி இரண்டாம் முறை வரும்போது முடிச்சில் நாள்கணக்கில் தேடவேண்டியதில்லை. வாசலிலேயே ஆள் இருக்கிறது.

ஊட்டி கேரட் நிறையச் சாப்பிட்டா எதிர்ப்புச் சக்தி ஏறுமா?

இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் ஒரே சொல்லில் விடை தர நான் மறுப்பதற்குக் காரணம் உண்டு. கேரட்டின் நிறப்பொருளிலிருந்து உடல் வைட்டமின் ஏ-வைச் செய்துகொள்கிறது. குடலிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் அதை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி, குடல்சார்ந்த முடிச்சில் தாம் சந்திக்கும் டி செல்லுக்குக் கொடுக்கின்றன. அதைப் பெற்ற டி செல், குடல் இரத்தக் குழாய்களில் மட்டும் பற்றக்கூடிய புரதங்களைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, பின்னர் குடலுக்கே திரும்பிப் போகிறது. தோலோடு தொடர்புடைய முடிச்சில் வளரும் செல் தோலுக்கான முகவரியைப் பெறுகிறது. வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளைக் குடல் நோய்களும் தட்டம்மையும் கடுமையாகத் தாக்குவதற்கான காரணங்களில் இந்த முகவரிக் குறைபாடும் ஒன்று.

ஆகவே பற்றாக்குறை உள்ளவருக்குக் கேரட்டும் கீரையும் உண்மையாகவே உதவும். போதுமான அளவு உண்பவர் கூடுதலாகத் தின்பதால் டி செல்கள் பெருகப்போவதில்லை. தோல் வேண்டுமானால் மஞ்சளிக்கும்.

எங்க ஊர்க் குளிர்ல டி செல் சோம்பிப்போயிடுமா?

இல்லை. தொட்டபெட்டாவில் உறைபனி படிந்தாலும் உடலின் உள்வெப்பம் 37 பாகையை ஒட்டியே இருக்கும். முடிச்சுகளும் மண்ணீரலும் அந்த வெப்பத்தில்தான் வேலை செய்கின்றன. மூக்கின் உட்பகுதி மட்டும் குளிர்வதால் சளி வைரஸ் அங்கே எளிதாகப் பெருகும். கதவடைத்து நெருங்கி உட்காருவதால் பரவவும் செய்யும்.

சிக்கிள் செல் இருக்கிறவங்களுக்கு மண்ணீரல் கெட்டுப்போகும்னு சொல்றாங்க. டி செல்லும் போயிடுமா?

இந்தியாவில் இந்த இரத்தச் சிவப்பணுக் கோளாறு முதன்முதலில் 1952இல் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையேதான் அறியப்பட்டது. எனவே இதை இங்கே கேட்பது இயல்பு. தாய், தந்தை இருபுறமும் அந்த மரபணுவைப் பெற்று நோயாளியாக இருப்பவருக்கும், ஒருபுறம் மட்டும் பெற்ற தாங்கிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மண்ணீரல் பாதிப்பு பெரும்பாலும் நோயாளிகளுக்கே உரியது.

மண்ணீரல், இரத்தத்திலேயே நேராகப் புகும் கிருமிகளுக்கான சந்திப்பு இடம். அது பழுதானாலும் டி செல்கள் தைமஸில் வளர்வதும் முடிச்சுகளில் சுற்றுவதும் தொடரும். இழப்பு வேறிடத்தில்: நிமோகாக்கஸ் போன்ற, சர்க்கரைப் போர்வை போர்த்திய பாக்டீரியாக்களை இரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது கடினமாகிவிடும். அந்தக் குழந்தைகளுக்குப் பென்சிலினும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் கொடுப்பது இதனால்தான். காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று மலை இறங்காமல் இருந்துவிடக் கூடாது.

வயசாக வயசாக தைமஸ் சுருங்கிடும்னா, எங்க பாட்டி உடம்புல புது டி செல்லே வராதா?

மிகக் குறைவாகவே வரும். தைமஸ் பருவமெய்தும் காலம்வரை வளர்ந்து, பிறகு ஆண்டுதோறும் சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு நிரம்புகிறது. முதியவர்கள் பெரும்பாலும் இளமையில் சேர்த்த டி செல்களையும், அவை முடிச்சுகளில் தாமே பிரிந்து பெருகுவதையும் கொண்டு வாழ்கிறார்கள். தெரிந்த கிருமிகளுக்கு அது போதும். முன்பின் கண்டிராத கிருமி வரும்போதுதான், இலட்சத்தில் ஒன்று என்று சொன்ன அந்தச் செல் பாட்டியின் சேமிப்பில் இல்லாமல் போக வாய்ப்புண்டு. கோவிட் முதியவர்களைக் கடுமையாகத் தாக்கியதற்கு உரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

சுருங்கியது என்பதற்காகப் பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இதய அறுவையின்போது வழியை மறைப்பதால் பெரியவர்களின் தைமஸை நீக்குவதுண்டு. அப்படி நீக்கப்பட்டவர்களை, அதேபோன்ற அறுவையில் நீக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் 2023இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் இறப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகவும் புற்றுநோய் இரு மடங்காகவும் இருந்தது. மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய்க்கும் தைமஸ் கட்டிக்கும் அதை நீக்குவது வேறு விஷயம். அங்கே நீக்குவதே சிகிச்சை.

எச்.ஐ.வி. டி செல்லைத் தாக்குதுன்னா, புதுசா செஞ்சுக்கிட்டாப் போதாதா?

அந்த வைரஸ் சிடி4 புரதத்தையே கைப்பிடியாகப் பற்றி உள்ளே நுழைகிறது. தொற்றிய சில வாரங்களுக்குள் குடலில் குடியிருக்கும் சிடி4 நினைவுச் செல்கள் பெருமளவில் அழிகின்றன. அந்த அழிவு இரத்தத்தில் முழுதாகத் தெரிவதில்லை, ஏனென்றால் இரத்தத்தில் இருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கவேண்டிய சிடி4 செல்கள் 200க்குக் கீழே இறங்கும்போது, துணைநிற்பவர் இல்லாததால் சிடி8, பி செல்களின் வேலையும் தளர்ந்துவிடுகிறது. புதிதாகச் செய்யும் வேகம் இந்த அழிவுக்கு ஈடுகொடுக்காது என்பது முந்தைய விடையிலிருந்தே புரியும்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில், சுனிதி சாலமனும் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் வெளிப்பட்டது. 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதை நாள் தவறாமல் உட்கொள்பவரின் சிடி4 எண்ணிக்கை மெல்ல ஏறும். இளையவர்களுக்கு அது விரைவாக ஏறுவதில் எஞ்சியிருக்கும் தைமஸுக்கும் பங்குண்டு.

டிபி இருக்கான்னு பார்க்க கையில ஊசி போட்டு, மூணு நாள் கழிச்சு வரச் சொல்றாங்க. மலை இறங்கி ரெண்டு தடவை போகணுமா? உடனே பார்த்துச் சொல்லக் கூடாதா?

மான்டூ பரிசோதனை என்ற இது, டி செல்லின் பயணத்தையே அளக்கும் சோதனை. அதனால் உடனே பார்க்க முடியாது. காசநோய்க் கிருமியின் புரதம் 0.1 மில்லி அளவில் முன்கையின் தோலுக்குள் செலுத்தப்படுகிறது. அந்தக் கிருமியை முன்பே சந்தித்தவரின் உடலில் நினைவு டி செல்கள் இருக்கும். அவற்றுள் ஒருசில அந்தப் புள்ளியை வந்தடைந்து, புரதத்தை உணர்ந்து, மற்றவற்றை அழைத்து, அங்கே கூட்டம் சேர 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது. அளப்பது சிவப்பை அல்ல. கூடிய செல்களால் தோல் தடித்து இறுகிய வட்டத்தின் அகலத்தை. மூன்றாம் நாள் போகாவிட்டால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். இரண்டு நடை போயே தீரவேண்டும்.

கையில தடிக்கவே இல்லை. அப்போ என் பிள்ளைக்கு டிபி இல்லைதானே?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தத் தொகுப்பிலேயே மிகக் கவனமாகப் படிக்கவேண்டிய விடை இது. தடிப்பு வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கிருமியை உடல் சந்தித்ததே இல்லை என்பது ஒன்று. சந்தித்திருந்தும், அந்த இடத்துக்கு வந்து கூடுமளவு டி செல்கள் வலுவாக இல்லை என்பது மற்றொன்று. கடும் ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., அண்மையில் வந்த தட்டம்மை, ஸ்டீராய்டு மருந்து, ஏன், முற்றிய காசநோயே கூட இந்த நிலையை உண்டாக்கும். கிருமி பட்டு முதல் சில வாரங்களிலும் தடிக்காது, ஏனெனில் முடிச்சில் தேடலும் பெருக்கமும் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கும். மாறாக, காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்ட குழந்தைக்கு நோய் இல்லாமலே ஓரளவு தடிக்கலாம்.

எனவே தொடர்ந்து இருமும், எடை குறையும், மாலையில் காய்ச்சல் வரும் குழந்தைக்குக் கை தடிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மருத்துவர் விட்டுவிடமாட்டார். சளி அல்லது இரைப்பை நீரை எடுத்துக் கிருமியையே தேடுவார், எக்ஸ்ரேயும் எடுப்பார். அவர் மறுபடி வரச் சொன்னால், போய்வாருங்கள்.